இல்லாத கால் வலிக்கும்போது: புதிதாகக் கால் இழந்தவர்களுக்கும் வீட்டாருக்கும்

காலை எடுத்த சில நாட்களிலேயே, கட்டுக்குக் கீழே வெறும் மெத்தை மட்டும் இருக்கிற இடத்தில் பெருவிரல் வலிக்கத் தொடங்கலாம். பாதம் எரியலாம், கணுக்கால் முறுக்கிக்கொள்ளலாம், நகக்கண்ணில் ஊசி ஏறலாம். பயப்பட வேண்டாம். விசர் பிடித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் அஞ்சவும் வேண்டாம். கையோ காலோ எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி வருகிறது. வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இதைப்பற்றிப் பேசுவதில்லை என்றால் அவருக்கு வலி இல்லை என்று பொருளல்ல. சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

இலங்கையில், நம் கிழக்கில், போர்க்காலத்து ஷெல்லும் மிதிவெடியும் ஒரு தலைமுறையின் கால்களைக் கொண்டுபோயின. இப்போது சீனி வருத்தத்தில் (நீரிழிவில்) ஆறாத புண்ணும் மோட்டார் சைக்கிள் விபத்தும் கொண்டுபோகின்றன. எனக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே. காரணம் எதுவானாலும் வலி வருகிற வழி ஏறத்தாழ ஒன்றுதான். வெட்டப்பட்ட நரம்பின் நுனி சும்மா இருப்பதில்லை. தானாகவே சைகைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். முள்ளந்தண்டு நரம்பிலும் மூளையிலும் அந்தக் காலுக்கென்று இருந்த பகுதிகள் அழிந்துபோவதும் இல்லை. வருகிற சைகையைக் கால் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மூளை வாசிக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே அம்புரோவாஸ் பாரே என்ற பிரெஞ்சு இராணுவச் சத்திரசிகிச்சையாளர் இதைக் குறித்துவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமடைந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் 1871இல் விரிவாக எழுதினார். ஆகவே "அது மனப்பிரமை" என்று யாராவது சொன்னால், அவர் சில நூறு ஆண்டுகள் பிந்திவிட்டார்.

பெரும்பாலானோருக்கு முதல் ஆறு மாதம் தொடக்கம் இரண்டு ஆண்டுக்குள் வலி வருகிற தடவைகளும் அதன் கடுமையும் குறைகின்றன. சிலருக்கு முற்றாகப் போவதில்லை. அதுவரை என்ன செய்வது என்பதுதான் இங்கே விடயம்.

முதல் வேலை: வலியைப் பிரியுங்கள்

மருந்துக்கு ஓடும் முன் செய்ய வேண்டியது இது. "கால் வலிக்கிறது" என்ற ஒரே வசனத்துக்குள் மூன்று வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, இல்லாத காலில் வெறும் உணர்வு. பாதம் அங்கேயே இருக்கிறது, அரிக்கிறது, விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது, ஈரமாக இருக்கிறது. நாளாக ஆக அந்தப் பாதம் குறுகி மேலே வந்து முழங்காலிலேயே ஒட்டிக்கொண்டதுபோலவும் தோன்றலாம். விசித்திரமாக இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை. இதற்கு மருந்தும் தேவையில்லை.

இரண்டு, இல்லாத காலில் வலி. எரிவு, மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டு, சுளுக்கு, விரல்கள் மடங்கி விரிய மறுக்கிற இறுக்கம், எலும்புக்குள் உளைவு. இதை இங்கே மாய வலி என்று சொல்கிறேன்.

மூன்று, வெட்டிய இடத்துக்கு மேலே எஞ்சியிருக்கிற காலிலேயே வலி. விரலால் தொட்டு "இந்த இடம்" என்று காட்ட முடிகிற வலி. ஆறாத தையல், சீழ், எலும்பு முனை, எஞ்சிய கால் நுழைகிற பொய்க்காலின் கிண்ணம் அழுத்துவது, இரத்த ஓட்டக் குறைவு, வெட்டிய நரம்பு நுனியில் வளர்ந்த சிறு கட்டி எல்லாம் இதில் அடக்கம். அந்த நரம்புக் கட்டியின்மேல் மெல்லத் தட்டினால் இல்லாத விரல்வரை மின்னல் ஓடும். ஆகவே மூன்றாவது வகை இரண்டாவதைக் கிளப்பிவிடவும் கூடும்.

தினமும் காலையிலும் படுக்கும் முன்னும் எஞ்சிய காலை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, எந்த வகை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த நேரம் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, வலியின் கடுமை பூச்சியம் முதல் பத்துவரை எத்தனை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பேரப்பிள்ளை எழுதட்டும். கிளினிக்கில் நம் முறை வரும்போது வைத்தியருக்கு நமக்கென இருப்பது சில நிமிடங்கள்தான். "டொக்டர், சரியான வலி" என்றால் பரசிட்டமோல் கிடைக்கும். "டொக்டர், காயத்தில் வலி இல்லை, தொட்டாலும் இல்லை. இல்லாத பாதம் இரவில் எரிகிறது, ஏழு எட்டு இருக்கும், ஒரு மணி நேரம் நிற்கிறது, நித்திரை இல்லை" என்றால் உரையாடலே வேறு திசையில் போகும். என் பார்வையில், இந்த வலியோடு வாழ்வதில் பாதி வேலை அதைச் சரியாகச் சொல்லப் பழகுவதுதான்.

வார்ட்டிலும் வீடு வந்த முதல் வாரங்களிலும்

கால் எடுக்க நாள் குறித்துவிட்டார்கள், இன்னும் எடுக்கவில்லை என்ற நிலையில் இதை வாசிப்பவர்கள் கவனியுங்கள்: சத்திரசிகிச்சைக்கு முன் கடுமையான வலியோடு கிடந்தவர்களுக்குப் பின்னர் மாய வலி வருகிற வாய்ப்பு கூடுதல். "எப்படியும் எடுக்கப்போகிறார்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் வலி மருந்து கேளுங்கள்.

கிரேப் பண்டேஜ் (இழுபடும் துணிக்கட்டு) கட்டச் சொன்னால் தாதியிடம் நேரில் பார்த்துப் பழகிக்கொண்டு வீடு வாருங்கள். வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. 8 என்ற இலக்கத்தின் வடிவில் குறுக்காகப் போகவேண்டும். நுனியில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்கவேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்துத் திரும்பக் கட்டவேண்டும். சரியான அழுத்தம் வீக்கத்தை வடியவைக்கும், பலருக்கு மாய வலியையும் தணிக்கும். மேலே இறுக்கிக் கட்டினால் இரண்டையும் கூட்டும்.

முழங்காலுக்குக் கீழ் எடுத்தவர்கள் அதன் அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு பொய்க்கால் போடுவது பெரும்பாடு. தொடையில் எடுத்தவர்கள் நாளுக்கு ஓரிரு தடவை குப்புறப் படுங்கள்.

தையல் பிரித்துக் காயம் முழுதாக ஆறி, வைத்தியர் சம்மதித்த பிறகு தொடத் தொடங்குங்கள். முதலில் பஞ்சு அல்லது பழைய சேலைத் துண்டு, பிறகு துவாய், பிறகு கொஞ்சம் சொரசொரப்பான துணி. மெல்லத் தடவுதல், விரல் நுனியால் தட்டுதல், பிசைந்துவிடுதல். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். வீட்டார் பலரும் அந்தக் காலைப் பார்க்கவே தயங்குவார்கள். முதலில் நீங்கள் தொடுங்கள், அவர்கள் பின்னால் வருவார்கள்.

எண்ணெய், பத்து, ஒத்தணம் பற்றி ஒரு சொல். ஆறாத காயத்தில் எதுவும் வேண்டாம். ஆறிய பின்னும், சீனி வருத்தக்காரர்கள் பலருக்குத் தோலில் சூடு தெரியாது. உப்பு ஒத்தணத்தில் கொப்புளம் போட்டு மறுபடி வார்ட்டுக்குப் போவார்கள். இளஞ்சூடுதான் என்று அடுத்தவர் தன் முழங்கையில் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே வையுங்கள்.

குளிசைகள்

பரசிட்டமோலும் டைக்குளோபினாக்கும் காயத்து வலிக்கு உதவும். நரம்பிலிருந்து வருகிற மாய வலிக்குப் பெரும்பாலும் போதாது. டைக்குளோபினாக் வகைகளைத் தினமும் கடையில் வாங்கி விழுங்குவது சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

நரம்பு வலிக்கு வைத்தியர்கள் வழக்கமாக எழுதுவது அமிட்ரிப்டிலின், கபபென்டின், பிரிகபலின் போன்றவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து, கபபென்டின் வலிப்புக்கு வந்த மருந்து. தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு "உங்களை மனநோயாளி ஆக்கிவிட்டார்கள்" என்று ஒரு மருமகன் சொல்லுவான். நரம்பு வலிக்கும் அவை கொடுக்கப்படுகின்றன, அமிட்ரிப்டிலின் சிறிய அளவில். அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இவை இன்று விழுங்கி இன்று கேட்கிற மருந்துகள் அல்ல. குறைந்த அளவில் தொடங்கி, வைத்தியர் படிப்படியாகக் கூட்டுவார். பலன் தெரிய வாரங்கள் ஆகலாம். எல்லோருக்கும் வேலை செய்வதும் இல்லை. ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். மயக்கமும் தலைச்சுற்றும் வரும், ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு அது சிறிய விடயம் அல்ல. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும். சிறுநீர் தடைப்படுகிற முதியவர்கள், இதய நோயாளர்கள், கண் அழுத்தம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். சிறுநீரகம் பழுதென்றால் கபபென்டின், பிரிகபலின் அளவைக் குறைக்கவேண்டும் என்பதால் அதையும் சொல்லுங்கள். எதையும் திடீரென நிறுத்தாதீர்கள்.

கசிப்போ சாராயமோ இவற்றோடு சேரக் கூடாது. மூச்சையே மந்தமாக்கிவிடும். இன்னொன்று: பிரிகபலினை இளைஞர்கள் போதைக்காகத் தேடுகிறார்கள். வைத்தியரின் துண்டைக் குளிசையோடு சேர்த்து வையுங்கள், அலுமாரியைப் பூட்டுங்கள்.

கண்ணாடிப் பயிற்சி

இதை நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் செலவு குறைந்ததும் நம் கையில் இருப்பதும் இதுதான். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது, எடுத்த கால் திரும்ப வந்து அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. இறுகிக் கிடந்த மாய விரல்கள் விரிய இடம் கிடைக்கிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஆய்வில், நாளுக்கு 15 நிமிடம் நான்கு வாரம் செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், பின்வந்தவை எல்லாம் அவ்வளவு பளிச்சென்று இல்லை. ஆனாலும் பெரிதாக இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

நகரத்துக் கண்ணாடிக் கடையில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்பைத் தேய்த்துத் தரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். பின்னால் பலகை அடித்து, ஓரத்துக்கு டேப் ஒட்டினால் வெட்டாது. அலுமாரிக் கதவைக் கழற்றுகிற யோசனை பலருக்கு வரும். வீட்டில் சமாதானம் வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள்.

கட்டிலிலோ பாயிலோ சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். நல்ல காலை நீட்டுங்கள். கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே நீளவாக்கில் நிறுத்தி, இருபுறமும் தலையணை முட்டுக்கொடுங்கள். பளபளக்கும் பக்கம் நல்ல காலைப் பார்க்கவேண்டும். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கவேண்டும். கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் இரண்டு கால் தெரியும். முதல் தடவை அழுகை வரும் சிலருக்கு. வரட்டும், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நல்ல காலில் கொலுசு இருந்தால் கழற்றுங்கள். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மெல்லிய காலுறை போடலாம். தழும்பு, கட்டு எதுவும் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது, பிம்பம் எடுத்த காலாகவே தெரியவேண்டும். மாயப் பாதம் இப்போது எந்த நிலையில் இருப்பதாக உணர்கிறீர்களோ, அந்த நிலைக்கு நல்ல பாதத்தைக் கொண்டுவாருங்கள். விரல் மடங்கியிருந்தால் மடக்குங்கள். பிறகு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு பாதத்தையும் சேர்த்து அசைப்பதாக எண்ணிக்கொண்டு மிக மெதுவாக விரியுங்கள். விரல், பாதம் மேலும் கீழும், கணுக்கால் வட்டம். வேகம் வேண்டாம், வியர்க்கிற உடற்பயிற்சி அல்ல இது. பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, தொலைக்காட்சி ஓடாத நேரம் பார்த்து. குறைந்தது நான்கு வாரம் செய்த பிறகு கொப்பியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

சிலருக்கு வலி கூடும், தலை சுற்றும், குமட்டும். அவர்கள் ஒரு படி கீழே இறங்கவேண்டும். வீட்டாரின் பாதங்களைப் பல கோணத்தில் தொலைபேசியில் படம் எடுத்து, இடதா வலதா என்று உடனே சொல்லிப் பழகுங்கள். அது இலகுவான பிறகு, கண்ணை மூடி மாயப் பாதத்தை அசைப்பதாக மனத்தில் நடத்துங்கள். அதன்பின் கண்ணாடி. இந்த வரிசையை இயன்மருத்துவப் பிரிவில் கேட்டால் காட்டித்தருவார்கள். தோலில் மின்முனை ஒட்டி மெல்லிய மின்துடிப்புக் கொடுக்கும் சிகிச்சை கிடைக்குமா என்றும் அங்கே விசாரியுங்கள். இரண்டு காலும் இழந்தவர்களுக்குக் கண்ணாடி பயன்படாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து தன் கால்களை அசைக்க, அதைப் பார்த்தபடி தன் மாயக் கால்களை அசைப்பது சிலருக்கு உதவியிருக்கிறது.

இரவும் மலசலகூடமும்

இரவில்தான் வலி பெரிதாகும், பார்த்துக்கொண்டிருக்க வேறொன்றும் இல்லாததால். அதைவிட ஆபத்தானது, அரைத் தூக்கத்தில் கால் இருப்பதாக நினைத்து எழுந்து விழுவது. மாயக் கால் அவ்வளவு உறுதியாக நிற்பதுபோல் இருக்கும். கட்டிலின் இறங்குகிற பக்கத்தில் ஒரு கனமான கதிரையை முட்ட வைத்து, ஊன்றுகோலை அதன்மேல் சாத்துங்கள். கை அதில் படாமல் இறங்க முடியாதபடி இருக்கட்டும். மின்சாரம் போகிற ஊர் நமது. டோர்ச் தலைமாட்டில் இருக்கவேண்டும்.

வெட்கத்தால் யாரும் வைத்தியரிடம் சொல்லாத ஒன்று உண்டு: சிறுநீர், மலம் கழிக்கும்போது இல்லாத காலில் மின்னல் வெட்டுவது. இது பலருக்கும் நடப்பதுதான். மலச்சிக்கலைக் கவனித்தால் குறையும். குந்து மலசலகூடத்தில் ஒற்றைக் காலில் சமாளிக்க முயலாதீர்கள். நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரை ஒன்று போதும், அதன் கால்கள் வழுக்காமல் இருக்கவேண்டும்.

எதெல்லாம் கூட்டுகிறது

கொப்பியே சொல்லும். பொதுவாக நித்திரைக் குறைவு, கவலை, காய்ச்சல், சிகரெட், நெடுநேரம் ஒரே நிலையில் பஸ்சில் உட்காருவது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்டூர், குருமண்வெளி படகுப் பாதையால் கடந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள் போய்த் திரும்பும் நாளில் வலி கூடும் என்று எதிர்பார்த்தே கிளம்புங்கள்; மத்தியானக் குளிசையைப் பையில் எடுத்துவையுங்கள். மாரியில் வாடைக் காற்று வீசும்போது உளைவு கூடுவதாகப் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான். போர்வையும் காலுறையும் போட்டுச் சூடாக வைத்தால் கொஞ்சம் தேவலை. கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் பிரச்சினை மறுபக்கம்: கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும். பகலில் இரண்டு மூன்று தடவை கழற்றித் துடையுங்கள், காலுறையைத் தினமும் துவையுங்கள்.

வலி திடீரென வரும்போது, எஞ்சிய காலை இரண்டு கையாலும் இறுகப் பிடிப்பது, தட்டுவது, நல்ல காலில் அதே இடத்தைத் தடவுவது, நீளமாக மூச்சுவிடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கேட்கும். எது என்று தேடிக்கண்டுபிடியுங்கள்.

பொய்க்காலும் பார்வையாளர்களும்

பொய்க்கால் போட்டு நடக்கத் தொடங்கிய பிறகு மாய வலி குறைந்தவர்கள் நிறையப் பேர். கிண்ணம் பொருந்தாவிட்டால் கூடும். முதல் ஆண்டில் கால் சுருங்கிக்கொண்டே போகும் என்பதால் கிண்ணத்துக்குள் போடும் காலுறையைக் கூட்டியும் பின்னர் கிண்ணத்தை மாற்றியும் சரிசெய்யவேண்டும்; "பழகிவிடும்" என்று சகிக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறை, கல்முனை வைத்தியசாலைகளிலோ உங்களைப் பார்க்கிற சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் பொய்க்காலுக்கான கடிதம் கேளுங்கள். றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவர்களும் உண்டு. கொடுப்பனவு, சக்கர நாற்காலி, மலசலகூடத் திருத்தம் ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கிராம உத்தியோகத்தர் மூலமாக அணுகுங்கள்.

ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருகிறவர்கள் யோசனையும் கொண்டுவருவார்கள். எடுத்த காலைப் புதைத்த இடத்தில் எறும்பு கடிக்கிறது, அதனால்தான் வலி என்பார்கள் சிலர். நூல் கட்டுவதிலோ ஓதிப் பார்ப்பதிலோ மனம் ஆறுமென்றால் தடுக்க நான் ஆள் இல்லை. சூடு வைக்கவும் குளிசையை நிறுத்தவும் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். வீட்டார் செய்யக்கூடியது சிறியது: "எந்த விரல்?" என்று கேளுங்கள். இல்லாத விரலைப் பற்றி ஒருவர் சீரியசாகக் கேட்பதே வலிக்காரருக்குப் பெரிய ஆறுதல். வாரக்கணக்கில் உண்ணாமல், பேசாமல், சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அது வலி மட்டும் அல்ல. கிளினிக்கில் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை

எஞ்சிய கால் சிவந்து சூடாகிறது, சீழ் அல்லது நாற்றம், நுனி கறுக்கிறது, காய்ச்சல் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தக்காரர்கள் நல்ல காலின் அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் தினமும் பார்க்கவேண்டும். மாய வலியில் கவனம் முழுவதும் போய்விட, அந்தப் பக்கம் புண் வந்து மற்றக் காலும் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த மாய வலி திடீரெனக் கிளம்பினால் வானிலை என்று தள்ளாதீர்கள். கிண்ணத்துக்குள் புண், நரம்புக் கட்டி, இடுப்பு முள்ளந்தண்டில் நரம்பு நசிவு எல்லாம் இல்லாத காலின் வலியாகவே தலைகாட்டலாம். கை இழந்தவர்களுக்கு இன்னொன்று: மாரடைப்பின் வலி இல்லாத இடது கையிலும் ஓடலாம். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்திருந்தால் குளிசை தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வீதிப் பெயர் இல்லாத கிராமம் என்றால் பக்கத்திலிருக்கும் கோயில், பள்ளிவாசல் அல்லது பாடசாலையின் பெயரைச் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு பிரதான வீதியில் நிறுத்துங்கள்.